ஒன்பது வருடம் ஒன்றாக வளர்ந்த ஆமைகள் கடித்துக்கொள்கின்றன. பிரித்தே ஆக வேண்டுமா?

வாசல்மரம் கேட்டது:

வணக்கம். இத்தனை நாளும் இங்கே படிக்க மட்டும் செய்தவள், முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இரண்டு ஹெர்மன் ஆமைகள் (தரையில் வாழும் சிறிய ஆமை இனம்) இருக்கின்றன. பாறை, பொட்டு. இரண்டையும் சேர்த்து ஒரு உள்ளங்கையில் வைக்கிற அளவில் வந்தவை. ஒரே ஈட்டு முட்டை, ஒரே இன்குபேட்டரில் பொரித்தவை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். "ஒத்தையா வளர்த்தா ஏங்கிப்போயிடும், ரெண்டா எடுத்துக்கோங்க" என்றார்கள். நம்பி எடுத்துக்கொண்டோம். இப்போது ஒன்பது வயது. பொட்டுவின் முதுகோட்டில் நடுத் தகட்டில் மட்டும் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கும், அதனால் அந்தப் பெயர். பாறை சின்னதிலிருந்தே கனம்.

ஏழெட்டு மாதமாக ஒரு மாற்றம். காலையில் வெயில் வந்ததும் பின்பக்கத்திலிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்கும். சிரட்டையைக் கல்லில் தட்டுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் பாறை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் போய், வேகமாக வந்து பொட்டுவின் விலாப்பக்கம் முட்டிக்கொண்டிருக்கும். முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். வீடியோ கூட எடுத்து வைத்திருக்கிறேன், இப்போது அதைப் பார்க்க மனம் வரவில்லை.

பிறகு கடி தொடங்கியது. பொட்டு நகர்ந்தால் பாறை பின்னாலேயே போய்ப் பின்னங்காலைக் கவ்வும். இடது பின்னங்காலில் செதில் பெயர்ந்து, உளுந்து அளவுக்குச் சிவப்பாக ஒரு புண் இருக்கிறது.

போன புதன்கிழமை நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது. இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டு மதியம் ஒரு மணிக்கு வந்தேன். பொட்டு செங்கல் ஓரமாக, வெயிலில், மல்லாந்து கிடந்தது. திரும்புவதற்காகத் தலையை மண்ணில் ஊன்றி ஊன்றிப் பார்த்திருக்கிறது. தலைக்குப் பக்கத்தில் மண் அரைவட்டமாகக் குழிந்திருந்தது. வாயோரம் நுரை. தூக்கினால் ஓடு சுடுகிறது. நிழலுக்குக் கொண்டுபோய், வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி அதில் வைத்தேன். கண்ணைத் திறக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை.

எடை சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு முன் பாறை 770 கிராம், பொட்டு 590. இப்போது பாறை 810, பொட்டு 560.

இடம்: வெளியே 3 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அடைப்பு. ராத்திரிக்கும் குளிர் நாட்களுக்கும் உள்ளே 120 சென்டிமீட்டருக்கு 60 ஒரு மரத்தொட்டி. அதில் ஒரு சூடு விளக்கு, புற ஊதா ஒளி தரும் ஒரு யுவிபி டியூப், ஒரு பதுங்கு பெட்டி, தீனி வைக்க ஒரு கல்.

என் மகளுக்குப் பதினொரு வயது. இவை வந்தபோது அவளுக்கு இரண்டு. பிரிக்கலாமா என்று பேச்செடுத்ததும் அழுகிறாள். "அண்ணன் தம்பியை யாராவது பிரிப்பாங்களாம்மா, சண்டை போட்டா சமாதானம்தானே பண்ணணும்" என்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஒன்பது வருடமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கியவை.

கேட்க விரும்புவது இவ்வளவுதான். நிரந்தரமாகப் பிரிக்க வேண்டுமா, கொஞ்ச நாள் பிரித்தால் சரியாகிவிடுமா? பிரித்தால் ஏங்குமா? நடுவில் கம்பிவலை வைத்து, பார்த்துக்கொள்ளவாவது விடலாமா?


கூழாங்கல்:

அக்கா, மற்றதெல்லாம் பிறகு பேசலாம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பொட்டுவைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும், ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும். அடியில் மண், ஒரு மூலையில் பதுங்க ஏதாவது, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு. சூடு விளக்கையும் யுவிபியையும் இப்போதைக்குப் பொட்டுவுக்கே கொடுங்கள். பாறை நல்ல உடம்போடு இருக்கிறது, பகலில் வெளியே வெயில் காய்ந்துகொள்ளும். இன்னொரு செட் வாங்குகிறவரை சமாளிக்கும்.

புண்ணை லேசில் விடாதீர்கள். பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து, வெளிர் தேநீர் நிறம் வருகிற அளவுக்கு நீர்க்கவைத்துக் கழுவுங்கள். புண் ஆறும் வரை பொட்டு வெளியே போகவே கூடாது. ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், ஆமைக்குக் கால் மடிப்புக்குள் அது வெளியே தெரியக்கூடத் தெரியாது. ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். மல்லாந்து வெயிலில் கிடந்ததையும் சொல்லுங்கள். ஆமைக்கு நுரையீரல் முதுகோட்டை ஒட்டி மேலே இருக்கிறது. மல்லாந்தால் வயிற்றுக்குள் இருக்கிற அத்தனை கனமும் அதன்மேல் இறங்கும். நமக்கு இருக்கிற மாதிரி தாங்கிப் பிடிக்க உதரவிதானமும் அதற்கு இல்லை. வெயிலோடு சேர்ந்தால் எவ்வளவு ஆபத்து என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள்.


மெதுநடை:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். இருபத்திரண்டு வருடமாக ஹெர்மன் வளர்க்கிறேன். நீங்கள் எழுதியதில் முட்டியதும் கடித்ததும் எனக்குப் பழகின விஷயம். உங்கள் கடைசி வரியில்தான் நின்றுவிட்டேன்: "ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துத் தூங்கியவை."

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடமும் முதலில் இரண்டு இருந்தன. விளக்குக்குக் கீழே பெரியது சின்னதின் மேல் ஏறிக் கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவேன். ஒரு நாள் சும்மா உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். சின்னது வந்து விளக்கின் கீழே படுக்கும். பெரியது எங்கிருந்தாலும் எழுந்து வரும். மேலே ஏறும். சின்னது மெல்ல நழுவி இருட்டுப் பக்கம் போகும். அரை மணி கழித்துத் திரும்ப வரும், பெரியதும் திரும்ப வரும். அன்றைக்கு ஐந்து தடவை எண்ணினேன். பாசம் என்று நான் பார்த்தது சூட்டுக்கான போட்டி. சின்னது பல வருடமாக வயிறு நிறையச் சூடு காய்ந்ததே இல்லை. சூடு இல்லாவிட்டால் அதற்குத் தின்றது செரிக்காது, செரிக்காவிட்டால் வளராது.

உங்களிடம் ஒரு விளக்கு, ஒரு பெட்டி, ஒரு தீனிக்கல். பாறை மூன்றுக்கும் சொந்தக்காரன். முட்டலும் கடியும் ஏழு மாதமாகத்தான் தெரிகிறது. மற்றது முதல் வருடத்திலிருந்தே நடந்திருக்கும். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆமையின் கொடுமை சத்தம் போடாது. ஒன்று சும்மா வந்து எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான், மற்றது தீனியை விட்டுவிட்டுப் போய்விடும். அந்த மாதிரி நேரம் நிறையப் பார்த்திருப்பீர்கள், நினைத்துப் பாருங்கள்.

இப்போது ஏன் முற்றியது என்றால், வயது. முதலில் இரண்டும் ஆணா என்று பாருங்கள். வாலைப் பாருங்கள்: ஆணுக்கு நீளமாக, அடி தடித்து, பக்கவாட்டில் மடித்து வைத்திருக்கும். ஹெர்மனுக்கு வால் நுனியில் நகம் மாதிரி ஒரு கொம்பு இருக்கும், அது ஆணுக்கு நன்றாகத் தெரியும். அடியோட்டைத் தடவினால் ஆணுக்குக் குழிந்திருக்கும், பெண்ணுக்குத் தட்டை. ஒரே ஈடு, ஒரே இன்குபேட்டர் என்றீர்களே, அதனால் சொல்கிறேன்: இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்பதை முட்டை இருந்த சூடு முடிவு செய்கிறது. ஏறத்தாழ 31.5 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஆண் அதிகம், மேலே போனால் பெண் அதிகம். ஒரே பெட்டியில் கொஞ்சம் குறைந்த சூட்டில் பொரித்தவை அத்தனையும் ஆணாகவே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சின்னதில் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, "ஜோடி" என்று கொடுத்துவிடுவார்கள்.

இரண்டும் ஆண் என்றால் சமாதானம் என்று ஒன்று கிடையாது. ஒன்று ஆண், ஒன்று பெண் என்றாலும் பிரிக்கத்தான் சொல்வேன். இரண்டே பேர் என்கிற எண்ணிக்கைதான் இருப்பதிலேயே மோசமானது. எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் முரடனின் கவனம் எட்டாகப் பிரியும். இரண்டு பேர் இருந்தால் முழுவதும் ஒருவன் தலையில் விழும். ஒரே பெண்ணை ஒரே ஆணோடு விட்டு, அதன் பின்னங்கால் இரண்டும் சதை தெரிகிற அளவுக்குக் கடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நாள் பிரித்துச் சேர்க்கலாமா என்றீர்கள். வேண்டாம். நானே செய்தேன். மூன்று மாதம் தனியாக வைத்து, புது மண் போட்டு, கல்லெல்லாம் இடம் மாற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் இறக்கினேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பதினோராவது நிமிடம் பெரியது தலையை ஆட்ட ஆரம்பித்தது. ஆமை மணத்தை வைத்து ஆளை அறியும், அதற்கு மூன்று மாதம் ஒரு கணக்கே இல்லை.

கம்பிவலையும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு ஏன் போக முடியவில்லை என்பது ஆமைக்குப் புரியாது. நாள் முழுக்கத் தடுப்பின் ஓரமாகவே நடக்கும், மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். பலவீனமானது தன்னை ஒருத்தன் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்ற பயத்திலேயே இருக்கும். மரப்பலகை வையுங்கள். தரைக்கு மேல் 30 சென்டிமீட்டராவது இருக்கட்டும், மண்ணுக்குள் 15 முதல் 20 வரை புதையட்டும். மூலைகளைக் கூர்மையாக விடாமல் ஒரு கல்லோ பலகைத் துண்டோ வைத்து மழுக்கிவிடுங்கள், ஆமை மூலையில்தான் ஏறப் பார்க்கும், ஏறினால் மல்லாந்து விழும்.

யாரை நகர்த்துவது என்று ஒரு கேள்வி வரும். நிறையப் பேர் பலவீனமானதைத்தான் தூக்கிப் புது இடத்தில் வைப்பார்கள். நான் பாறையை நகர்த்தச் சொல்வேன். பொட்டு ஏற்கெனவே ஒடுங்கிப்போனது, புது இடம் அதற்கு இன்னொரு பயம். பழைய தொட்டியில் மேல்மண்ணை மட்டும் மாற்றி, பெட்டியையும் கல்லையும் கழுவி வைத்துப் பொட்டுவையே விடுங்கள். பாறை எங்கே விட்டாலும் ஒரு வாரத்தில் ராஜா ஆகிவிடும்.

இரண்டு பக்கமும் எல்லாம் இரண்டாக இருக்க வேண்டும். விளக்கின் நேர் கீழே 32 முதல் 35 டிகிரி, எதிர் மூலை 20, 22. யுவிபி டியூப் எரிகிறது என்பதால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, வெளிச்சம் இருக்கும்போதே புற ஊதா குறைந்துவிடும், எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். டியூபுக்கும் ஆமைக்கும் நடுவில் கண்ணாடி வேண்டாம்.

இன்னொன்று. பொட்டு தனியாக இருக்கிறதே என்று மனம் கேட்காமல் மூன்றாவதாக ஒன்று வாங்கிவிடாதீர்கள். வேறு இனம் என்றால் அதைவிட மோசம். ஒரு இனத்துக்கு ஒன்றும் செய்யாத ஹெர்ப்பிஸ் வைரஸ் ஹெர்மனுக்கு உயிரையே எடுக்கும்.


வாசல்மரம்:

கூழாங்கல், நீங்கள் எழுதியதைப் பார்த்த உடனே எடுத்து வைத்துவிட்டேன். மருத்துவரிடமும் போய்விட்டு வந்தோம். கடிக்குக் கழுவுவதும் மருந்தும் சொல்லியிருக்கிறார். நுரையீரலில் இப்போதைக்குப் பிரச்சினை தெரியவில்லை, பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். நுரை வந்தது வெயில் தாங்காமல்தான் என்றார்.

மெதுநடை ஐயா, வாலைப் பார்த்தோம். இரண்டும் ஆண். இரண்டுக்கும் கொம்பு நுனி இருக்கிறது. பொட்டுவின் அடியோட்டில் கட்டைவிரல் போய் உட்காருகிற குழி. ஒன்பது வருடத்தில் நான் அதைத் தடவிப் பார்த்ததே இல்லை.

நீங்கள் சொன்ன பிறகு பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். கைபேசியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று இருக்கும் எல்லாப் படத்திலும் மேலே இருப்பது பாறை. ஒரு படத்தில்கூட மாறி இல்லை. எல்லாவற்றிலும் பொட்டுவின் தலை உள்ளே இருக்கிறது. பாறையின் கழுத்து நீண்டு விளக்கைப் பார்க்கிறது. இத்தனை வருடமும் அதைத்தான் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.


செம்மண்:

மெதுநடை சொன்னதோடு எனக்கு முழு ஒப்புதல் இல்லை. நான் சிவப்புக்கால் ஆமைகள் வளர்க்கிறேன். ஐந்து இருக்கின்றன, ஒன்றாகத்தான் மேய்கின்றன, ஒரே பெட்டியில்தான் ஒதுங்குகின்றன. ஆமைக்கு மற்ற ஆமை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2010-இல் இந்தச் சிவப்புக்கால் ஆமைகளை வைத்தே ஒரு ஆராய்ச்சி வெளியானது. V வடிவ வேலிக்குப் பின்னால் தீனியை வைத்தார்கள். தானாக முயன்றவற்றுக்கு வேலியைச் சுற்றிப் போகத் தெரியவில்லை. பழகிய ஆமை ஒன்று சுற்றிப் போவதைப் பார்த்தவை தாங்களும் போயின. தனியாக வாழும் பிராணி என்று எண்ணியதுகூடப் பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கிறது.

அதனால் இடத்தை மூன்று மடங்காக்கி, நடுவில் புதர், கல், மரத்துண்டு வைத்து ஒன்றுக்கொன்று தெரியாமல் செய்து, தீனியை நான்கு இடத்தில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று தோன்றுகிறது.


மெதுநடை:

செம்மண், நல்ல விஷயம் சொன்னீர்கள். அந்த ஆராய்ச்சி என் கருத்துக்கு எதிரானது இல்லை. கவனிக்கிறது என்பதற்கும் துணை தேடுகிறது என்பதற்கும் தூரம் அதிகம். பொட்டு ஒன்பது வருடமும் பாறையைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், எந்த நேரத்தில் எழுந்து வருவான் என்று.

உங்கள் ஐந்தில் ஆண் எத்தனை என்று எழுதவில்லை. ஒன்றுதான் என்றால் நீங்கள் செய்வது சரியான அமைப்பு. பெண்கள் மட்டும் இருக்கும் கூட்டம், ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்கிற கூட்டம், இவற்றில் புதரும் இடமும் நிறைய உதவும். எங்கள் வீட்டிலும் நான்கு பெண்கள் ஒன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்க நான் நினைத்ததே இல்லை. வளர்ந்த இரண்டு ஆண் ஹெர்மன், ஒன்று ஏற்கெனவே மல்லாந்து சாகப் பார்த்தது, எடை இறங்குகிறது. இந்த இடத்தில் பரிசோதனை வேண்டாம். தோற்றால் விலை பொட்டு.


செம்மண்:

ஒரே ஆண்தான். ஒத்துக்கொள்கிறேன். எடை இறங்குவதை நான் சரியாகப் படிக்கவில்லை.


நிழல்தேடி:

உங்கள் மகளுக்காக இதை எழுதுகிறேன், அவளிடமே படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபுர்ட் என்ற ஊரில் ஊர்வனக் காட்சியகம் ஒன்றில் பீபி, போல்டி என்று இரண்டு பெரிய ஆமைகள் இருந்தன. நூறு வயதுக்கு மேல். சின்ன வயதிலிருந்து ஒன்றாகவே இருந்தவை. 2012-இல் செய்தியிலெல்லாம் வந்தது. ஒரு நாள் பீபி, போல்டியின் ஓட்டிலிருந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் திரும்பத் திரும்பத் தாக்கியது. பார்த்துக்கொள்கிறவர்கள் சமாதானம் செய்ய என்னென்னவோ முயன்றார்கள், நடக்கவில்லை. தனித்தனி அடைப்பில் வைத்தார்கள். நூறு வருடம் பழகியவற்றையே பிரிக்க வேண்டி வந்தது என்றால், அதில் யார் மேலும் தப்பு இல்லை பாப்பா. உன் அம்மா மேலும் இல்லை, பாறை மேலும் இல்லை.

ஆமைக் குஞ்சு முட்டையை உடைத்து வெளியே வரும்போது அம்மா பக்கத்தில் இருக்காது. மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டு அது போயிருக்கும். குஞ்சு மேலே வந்ததும் தன் வழியில் நடக்கும். அண்ணன், தம்பி என்பது நாம் வைத்த பெயர். அதற்குத் தெரிந்தது வெயில், நிழல், இலை, தண்ணீர், பதுங்க ஒரு பள்ளம். இந்த ஐந்தும் யாரும் பறிக்காமல் கிடைத்தால் அதற்குப் போதும். பொட்டுவுக்கு இதுவரை அது கிடைக்கவில்லை. நீ கொடுக்கப்போகிறாய்.


வாசல்மரம் (ஏழு வாரம் கழித்து):

என்ன ஆனது என்று சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. எழுத வேண்டும் வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது.

முதலில் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பலகை உடனே கிடைக்கவில்லை, கம்பிவலை கையில் இருந்தது. நான்கு நாள்தானே என்று வெளி அடைப்பின் நடுவில் அதை வைத்தேன். மருத்துவர் பொட்டுவை வெளியே விடலாம் என்று சொல்லியிருந்த சமயம். பாறை காலையிலிருந்து மாலை வரை வலையை ஒட்டியே நடந்தது. மண்ணில் வாய்க்கால் மாதிரி தடம் விழுந்துவிட்டது. மூக்கு நுனியில் தோல் உரிந்து வெள்ளையாகிவிட்டது. இந்தப் பக்கம் பொட்டு, பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. ஐயா சொன்னது வார்த்தை மாறாமல் நடந்தது. மூன்றாம் நாளே வலையைப் பிடுங்கிப் பொட்டுவை உள்ளே கொண்டுபோய்விட்டேன்.

பிறகு பலகை வாங்கி, மேலே 30, உள்ளே 15 என்று புதைத்தோம். மகள்தான் அளவு நாடா பிடித்தாள். நிழல்தேடி எழுதியதை அவளிடம் படித்துக் காட்டியபோது ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி வந்து, "பொட்டுவோட பெட்டிக்கு நான் பெயிண்ட் அடிக்கட்டுமா" என்றாள். ஆமை இருக்கிற பெட்டிக்கு பெயிண்ட் வேண்டாம் என்று சொல்லி, பலகையின் வெளிப்பக்கம் மட்டும் அடிக்கச் சொன்னேன். ஒரு பக்கம் ஐந்து கோடு போட்டு வெயில், நிழல், இலை, தண்ணீர், பள்ளம் என்று எழுதியிருக்கிறாள்.

பாறைக்கு உள்ளே தனித்தொட்டி, தனி விளக்கு, தனி டியூப். பொட்டுவிடம் இருந்த டியூபை எப்போது மாற்றினோம் என்று யோசித்துப் பார்த்தால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதையும் மாற்றினோம். இனி மாற்றும் தேதியை டியூப் மாட்டும் கட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுவது என்று முடிவு.

எடையை ஞாயிறு காலை, தீனிக்கு முன்னால், ஒரே தராசில் போடுகிறோம். மகள் நோட்டில் எழுதுகிறாள். பொட்டு முதல் வாரம் 552-க்கு இறங்கியது. எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. அடுத்த வாரம் 559. பிறகு 568, 580, 585, 597. போன ஞாயிறு 604. பாறை 806, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. மருத்துவர் சொன்னார், பாறை இத்தனை வருடம் இரண்டு பேர் தீனியைத் தின்றிருக்கலாம், எடை இப்படியே நின்றால் நல்லதுதான் என்று. புண் மூடிவிட்டது, செதில் வந்த இடம் மட்டும் வெளிர் நிறமாக இருக்கிறது.

இதையெல்லாம்விட ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம், காலை ஒன்பது மணி இருக்கும். பொட்டு பெட்டியிலிருந்து வந்து தட்டைக் கல்லின் மேல் ஏறியது. கொஞ்ச நேரம் கழுத்தைத் திருப்பி இரண்டு பக்கமும் பார்த்தது. அப்புறம் படுத்தது. முதலில் ஒரு பின்னங்கால், பிறகு மற்றது, இரண்டையும் பின்னால் நீட்டியது, பாதத்தின் அடி மேலே தெரிகிற மாதிரி. கழுத்தைக் கல்லின் மேல் வைத்து நீட்டிவிட்டது. கண்ணை மூடியது. ஒன்பது வருடத்தில் அதன் கழுத்து அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. கழுத்துத் தோலில் பழுப்பாக ஒரு மச்சம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தது. யாரும் வரவில்லை.

இப்போது பாறையைப் பற்றி ஒரு கேள்வி. மற்ற நேரம் நன்றாக இருக்கிறது, தின்கிறது, தூங்குகிறது. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் பலகையின் ஒரே மூலையில் போய் நின்றுகொண்டு மண்ணைப் பறிக்கிறது. வேறு எந்தப் பக்கமும் போவதில்லை. ஏங்குகிறதா என்று மகள் மறுபடி கவலைப்படுகிறாள்.


மெதுநடை:

எடை வரிசையைப் பார்த்து மனம் குளிர்ந்தது சகோதரி.

ஒரே மூலை, ஒரே நேரம் என்றால் ஏக்கம் இல்லை. அங்கே ஏதோ தெரிகிறது. காலை வெயில் சாய்வாக வரும் நேரத்தில் நீங்களும் தரையில் படுத்து, ஆமையின் கண் உயரத்தில் அந்த மூலையைப் பாருங்கள். பலகை இணைகிற இடத்தில் வெளிச்சம் வருகிறதா என்று கவனியுங்கள்.


வாசல்மரம்:

படுத்துப் பார்த்தேன். இருந்தது. இரண்டு பலகை சேரும் இடத்தில், மண்ணை ஒட்டி, சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. மழையில் மண் இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் நேராகப் பொட்டு வெயில் காயும் தட்டைக் கல். பொட்டு படுக்கும்போது அதன் நிழல் இந்த இடைவெளியில் விழுகிறது.

ஈரமண்ணைப் பிசைந்து அடைத்து, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு செங்கல் வைத்தோம். இன்று காலை பாறை வந்து அந்தச் செங்கல்லை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது. ஒரு நிமிடம் நின்றது. பிறகு திரும்பிப் போய்ச் செம்பருத்தி இலையைத் தின்ன ஆரம்பித்துவிட்டது.